ஓய்வுக்குப் பின் பயணம்: நீண்ட தங்கலா, அடிக்கடி போய்வருவதா, ஒரு நாள் உலாவா?

பணியில் இருந்த காலத்தில் எங்கள் பயணங்களை விடுப்பு நாள்கள்தான் தீர்மானித்தன. எங்கே போவது, எத்தனை நாள் தங்குவது என்றெல்லாம் யோசிக்க அதிக இடமே இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நாள்கள் கைநிறைய இருக்கின்றன, ஆனால் தேர்வு கடினமாகிவிட்டது. தொலைவில் இருக்கும் மகள் வீட்டில் போய் மூன்று மாதம் தங்குவதா, மகன் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் போய்வருவதா, நெடுநாள் ஆசையான தூரதேசச் சுற்றுலாவுக்கு இந்த ஆண்டே கிளம்புவதா, இல்லை வாரம் ஒரு நாள் பக்கத்தில் எங்காவது போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதா என்ற கேள்வி, ஓய்வூதியத்தில் வாழும் பலர் முன்னால் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது. பணம் அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொரு பயணமும் முடிந்த பிறகு உடல் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஓய்வு நாள்கள்.

நான் ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஏழு ஆண்டுகளில் நானும் என் மனைவியும் மேற்சொன்ன நான்கையும் செய்து பார்த்திருக்கிறோம். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் என் மனைவிக்கு உண்டு. ஊர் திரும்பிய எத்தனையாவது நாளில் தூக்கம் சரியானது, எப்போது கால் வீக்கம் வடிந்தது, வழக்கமான காலை நடைக்கு என்றைக்கு இறங்கினோம் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த நோட்டைப் புரட்டினால் ஒப்பீடு தானாகவே தெரிகிறது. ஒரு நாள் உலாவுக்குப் பின் மறுநாள் காலையே எல்லாம் பழையபடி இருந்திருக்கிறது. மகன் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் தங்கித் திரும்பினால் ஒரு நாள். பன்னிரண்டு நாள் குழுச் சுற்றுலா ஒன்றுக்குப் பின் ஒன்பது நாள். ஒன்பது மணி நேர வித்தியாசமுள்ள மகளின் ஊருக்குப் போனபோது அங்கே பத்து நாளும் திரும்பி வந்து பதினோரு நாளும் ஆகியிருக்கின்றன.

இந்தக் கணக்கை வைத்து நான் வந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பயணத்தின் விலையை டிக்கெட்டில் மட்டும் பார்க்கக் கூடாது. நல்லபடியாகக் கழிந்த நாள்களையும் மீண்டெழ ஆன நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஒரு நாள் உலாதான் ஆண்டு முழுவதற்கும் அடித்தளமாக நிற்கிறது. அரை நாள் பயணத்துக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் குறுகிய காலத்துக்கு அடிக்கடி போய்வருவது நல்லது. கடல் கடந்து இருப்பவர்களிடம் போனால் நீண்ட காலம் தங்குவதே பொருத்தம். பெரிய சுற்றுலாவை ஓய்வின் முதல் சில ஆண்டுகளுக்குள் முடித்துவிட வேண்டும்.

நீண்ட தங்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆசையும் ஏமாற்றமும் அதிகம். தொலைதூர விமானப் பயணம் என்றால் நேர வித்தியாசத்துக்கு உடல் பழகுவதற்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று கணக்குச் சொல்வார்கள். மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், மேற்கே போகும்போது தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிதாகவும், கிழக்கே போகும்போது முன்கூட்டியே தூங்குவது கடினமாகவும் இருக்கிறது. ஆகவே ஒன்பது மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போய் இரண்டு வாரத்தில் திரும்புகிறவர், அங்கே தெளிந்த தலையோடு இருக்கும் நாள்கள் சொற்பம்தான். நான் பின்பற்றும் விதி இது: நேர வித்தியாசம் எத்தனை மணியோ அதைப்போல் மூன்று மடங்கு நாள்களாவது தங்க முடியாவிட்டால் அந்தப் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவது.

நீண்ட தங்கல் கொடுப்பதை வேறு எந்தப் பயணமும் கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் போன புதிதில் நான்கு வயதுப் பேத்தி தன் காலணியை என்னிடம் கொடுக்கவே மாட்டாள்; அம்மாதான் மாட்டிவிட வேண்டும் என்று கதவருகில் அடம்பிடித்து நிற்பாள். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காலை, கையிலிருந்த படப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, என் மடியை நோக்கி இடது காலை நீட்டினாள். அதன் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஐந்து நாள் போய்வருகிற தாத்தாவுக்கு அந்தக் கால் நீண்டிருக்காது. விருந்தாளி என்ற நிலை மாறி வீட்டில் ஒருவராக ஆவதற்கு வாரங்கள் பிடிக்கின்றன, அதைக் குறுக்குவழியில் அடைய முடியாது.

அதற்கு முன்பே, மூன்றாவது, நான்காவது வாரத்தில், மறுபக்கமும் தெரியத் தொடங்குகிறது. மகளும் மருமகனும் எடுத்திருந்த விடுப்பு தீர்ந்து வேலைக்குத் திரும்புகிறார்கள், பேத்தி பள்ளிக்குப் போகிறாள், காலை ஒன்பது மணிக்கு வீடு காலியாகிவிடுகிறது. சொந்த ஊரில் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்வந்தவர், அங்கே ஒரு கடைக்குப் போகவும் இன்னொருவரின் வாகனத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மாலையில் என் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க இருக்கிறது எங்களுக்குப் பாரமில்ல. உங்களுக்கு நேரம் கொடுக்க முடியலையேங்கிறதுதான் பாரமா இருக்கு." அந்தப் பேச்சு முதல் வாரத்திலேயே நடந்திருந்தால் எங்கள் இரு தரப்புக்கும் நல்லதாக இருந்திருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்வது எத்தனை மணி நேரம், எந்த நாள்களில் நமக்கு ஓய்வு, எந்த வார இறுதியை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள் என்பதை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால், உதவி என்று தொடங்கியது கடமையாகிவிடும். அதைக் கடமை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது.

நீண்ட தங்கலுக்கு வேறு சில எல்லைகளும் உண்டு. பல நாடுகள் வருகையாளர் தங்கும் காலத்தைக் கறாராக வைத்திருக்கின்றன. உதாரணமாக, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் குறுகிய கால விசாவில் போகிறவர் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 90 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது. மருந்துகளை முழுக் காலத்துக்கும் சேர்த்து, மருத்துவரின் சீட்டோடு எடுத்துப்போக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துவிடக்கூடும், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுவது மிக முக்கியம். எழுதாமல் விட்ட ஓர் இரத்த அழுத்தத்துக்காக மருத்துவமனைச் செலவு முழுவதையும் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட இடமிருக்கிறது, தங்கும் காலம் நீள நீள அந்த ஆபத்தும் நீள்கிறது.

அடிக்கடி போய்வரும் குறுகிய வருகையின் பலமே வேறு. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் நெதர்லாந்தைச் சேர்ந்த சுமார் 1,500 பேரின் மகிழ்ச்சியை விடுமுறைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். பயணம் போகவிருந்தவர்கள் போவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியாகக் கழித்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. அது ஓய்வு பெற்றவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வன்று என்றாலும் எங்கள் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள்களும் பயணத்தின் ஒரு பகுதி என்றால், ஆண்டுக்கு ஒரு பெரிய வருகையைவிட ஐந்து சிறிய வருகைகள் ஐந்து முறை காத்திருக்கும் இன்பத்தைத் தருகின்றன. நாள்காட்டியில் அடுத்த வட்டம் எப்போதும் பத்து வாரத்துக்குள் இருக்கிறது.

குறுகிய வருகையில் இரண்டு குறைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கட்டணமும் மூட்டை முடிச்சுக் கட்டும் அலைச்சலும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருகின்றன. இன்னொரு பெட்டியை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கியதில் பாதி அலைச்சல் தீர்ந்தது. மாற்றுத் துணி, செருப்பு, கண்ணாடிக் கூடு, ஒரு கைத்தடி எல்லாம் அங்கே ஒரு தட்டில் எங்களுக்காகக் காத்திருக்கின்றன, நாங்கள் ஒரு தோள்பையோடு போய் இறங்குகிறோம். மற்றது, பண்டிகையையும் விடுமுறையையும் பார்த்துப் பார்த்துப் போகும் வழக்கம். அந்த நாள்களில் வண்டியில் கூட்டம், கட்டணம் கூடுதல், வீட்டிலும் எல்லோரும் விழா மனநிலையில் இருக்கிறார்கள். பேரன் வீட்டுப்பாடம் எழுதுவதையோ மருமகள் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து நாற்காலியில் சாய்வதையோ பார்க்க முடிவதில்லை. நாங்கள் இப்போது வாரத்தின் நடுவில் போகிறோம். செவ்வாய் போய்ச் சனிக்கிழமை திரும்பினால் அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுகிறது.

ஐந்து நாள் என்பது ஏன் என்று கேட்கலாம். முதல் நாள் பயணக் களைப்பிலும் கடைசி நாள் கிளம்பும் பரபரப்பிலும் போய்விடுகின்றன. நடுவில் மூன்று முழு நாள்கள் கிடைக்கின்றன, யாருடைய அன்றாடத்தையும் புரட்டிப்போடாத அளவு அது. ஒரு வாரத்தைத் தாண்டும்போது வீட்டார் தங்கள் வேலைகளை நமக்காக ஒதுக்கிவைக்கத் தொடங்குகிறார்கள் என்பதையும், அதை அவர்கள் நம்மிடம் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரு பொது இடத்தில் கூடி நான்கு நாள் தங்குவது என்ற வழியும் இருக்கிறது. யாரும் விருந்தளிப்பவர் இல்லை என்பதால் வேலைச் சுமை குறையும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவரும் தேதி கிடைப்பது அரிது. நாங்கள் ஏழு ஆண்டில் ஒருமுறைதான் செய்தோம். நமக்குப் போகும் கட்டணத்தைச் சேர்த்து அவர்களை நம் வீட்டுக்கு வரச்செய்வது இன்னொரு வழி. முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பெற்றோர்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சுற்றுலாவைப் பொறுத்தவரை, குழுவோடு போவதா தனியாக ஏற்பாடு செய்துகொள்வதா என்பதில்தான் தம்பதியருக்குள் விவாதம் வரும். குழுவில் பெட்டி தூக்குவது, டிக்கெட் வாங்குவது, மொழி தெரியாத ஊரில் வழி கேட்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. உடல்நலம் கெட்டால் அருகில் ஆள் இருக்கும். பதிலுக்கு நம் வேகத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். எங்களை அழைத்துப்போன நிறுவனம் ஒன்றின் பயணத் திட்டத்தில் ஆறாம் நாளுக்கு எதிரே "சிறிய நடை" என்று எழுதியிருந்தது. போய் இறங்கினால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்படிகள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. என் மனைவி கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், நான் துணைக்கு இருந்துவிட்டேன், மேலே போனவர்கள் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து நாங்கள் பார்க்காததைப் படத்தில் காட்டினார்கள். அன்றைக்கு எங்களை வருத்தியது படிகளைவிட, முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஒன்றேகால் மணியை வேறு விதமாகக் கழித்திருக்கலாமே என்ற எண்ணம்தான்.

அதன் பிறகு எந்தப் பயணத் திட்டம் வந்தாலும் எத்தனை இடம் காட்டுகிறார்கள் என்று நான் எண்ணுவதில்லை. ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை இரவு என்றுதான் எண்ணுகிறேன். ஓர் இரவு மட்டும் தங்கும் நிறுத்தங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தத் திட்டம் எங்களுக்கு ஆகாது, ஏனென்றால் தினமும் விடியற்காலையில் பெட்டி அடுக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும். லிஃப்ட் உண்டா, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், கழிப்பறைக்காக எத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்துவார்கள் என்பவற்றைக் கூச்சப்படாமல் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் பயணத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்தால் கடைசி நாள்வரை மூட வேண்டியதில்லை என்பது முதியவர்களுக்குப் பெரிய வசதி. துணையை இழந்து தனியாகப் போகிறவர்கள், இருவர் அறைக்கு ஒருவரிடம் வாங்கும் கூடுதல் கட்டணத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கப்பலிலும் குழுச் சுற்றுலாவிலும் அது கணிசமாக இருக்கும்.

பெரிய சுற்றுலாவை முன்னதாக முடிக்கச் சொல்வதற்கு உடல் சார்ந்த காரணங்கள் இருக்கின்றன. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. நுரையீரலோ இதயமோ பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்தக் குறைந்த ஆக்சிஜனே சோதனையாகிவிடும். மலைப்பகுதிகளில் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரலாம், 3,000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவசர அவசரமாக ஏற்றும் குழுத் திட்டங்களில் இதற்கு இடமிருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்த நாளத்தில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது என்றாலும், முன்பு அப்படி இரத்தம் உறைந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. விமானத்துக்கு மட்டுமன்றி ரயில், பேருந்து, கார் பயணத்துக்கும் இது பொருந்தும்.

இனி ஒரு நாள் உலா. செலவில் மிகச் சிறியது, ஆகவே பலர் இதைப் பயணமாகவே கருதுவதில்லை. எனக்கோ இதுதான் ஓய்வுக்காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு. மழை வந்தால் தள்ளிவைக்கலாம், பாதியில் அலுத்தால் திரும்பிவிடலாம், எதிலும் முன்பணம் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. பெரிய பூங்காவிலோ அருங்காட்சியகத்திலோ உட்கார்ந்து எழுந்து சுற்றிவந்தால் அதில் பெரும்பகுதி ஒரே நாளில் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 6,000-க்கும் மேற்பட்டவர்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அருங்காட்சியகம், கலைக்கூடம், நாடகம், இசை நிகழ்ச்சி என்று போய்வந்தவர்களின் இறப்பு ஆபத்து, ஒருபோதும் போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. போனதால்தான் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று அதை வைத்து நிறுவிவிட முடியாது. நல்ல உடல்நிலை இருந்ததால் போயிருக்கவும் கூடும். ஆனாலும் வெளியே கிளம்புவதன் பக்கம் சாய்வதற்கு அது போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் உலாவுக்கு ஒரே இடம்தான். இரண்டாவது இடம் சேர்ந்தால் அலைச்சல் சேர்ந்துவிடுகிறது. அருங்காட்சியகம் என்றால் ஒரு வருகைக்கு ஓர் அறை. சென்ற மாதம் பழைய நாணயங்கள் இருக்கும் அறைக்குப் போனோம். நடுவில் ஒரு நீண்ட பெஞ்சு போட்டிருந்தார்கள். என் மனைவி பூதக்கண்ணாடியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, தேய்ந்துபோன ஒரு செப்புக் காசில் இருப்பது குதிரையா மாடா என்று இருபது நிமிடம் பார்த்தார். காவலர் வந்து குனிந்து பார்த்து, இத்தனை வருடமாக அதை மாடு என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார். குழுவோடு போயிருந்தால் அந்த அறைக்கே மொத்தம் பத்து நிமிடம்தான் கிடைத்திருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு: நீண்ட பயணத்துக்கு ஒரு நாள் உலாதான் நல்ல வெள்ளோட்டம். நான்கு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு மறுநாளும் அதையே செய்ய முடிகிறதா என்று இரண்டு நாள் தொடர்ந்து பார்த்தால், பத்து நாள் சுற்றுலாவை உடல் தாங்குமா என்பது முன்பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். வயதானால் தாக உணர்வு குறைகிறது என்பதால், வெயிலில் போகும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் இந்தச் சிறு உலாக்களிலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு இன்னும் கடினமாக இருப்பது, இருவரில் ஒருவரால் பயணம் செய்ய முடியாமல் போகும் நிலை. என் மனைவியின் வலது முழங்கால் கடந்த ஆண்டிலிருந்து ஒத்துழைக்க மறுக்கிறது. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போவது, இருவருமே போகாமல் இருப்பது என்ற இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தோம். மகன் வீட்டுக்கு நான் தனியாக ஒருமுறை போனேன். அவரே வற்புறுத்தி அனுப்பினார். அங்கே இருந்த மூன்று நாளும் பேரன் தொலைபேசியில் பாட்டியை அழைத்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பித்தான். அது மோசமான தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிக்கடி செய்யக்கூடியதும் அன்று. உலாக்களைக் குறைக்காமல் படியில்லாத இடங்களாகத் தேர்ந்தெடுப்பதும், சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும் இடங்களைக் குறித்துவைப்பதும், வருகைகளைப் பாதியாகக் குறைத்து மறுபாதிக்கு அவர்களை இங்கே அழைப்பதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆகவே வரும் ஆண்டுக்கான எங்கள் பயணப் பணத்தில் பாதி பிள்ளைகளுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது: மகன் வீட்டுக்கு மூன்று ஐந்து நாள் வருகைகள், அவர்கள் இங்கே வர இரண்டு முறைக்கான கட்டணம். மகள் வீட்டு நீண்ட தங்கல் அதற்கடுத்த ஆண்டுக்குப் போகிறது. இம்முறை ஆறு வாரம் என்றும், வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கென்றும் முன்கூட்டியே பேசிவிட்டோம். கால் பங்கு, என் மனைவி இருபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மலை ஏரிக்கு. முழங்கால் மருத்துவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் அதற்கு முன்பணம் கட்டுவோம். மீதி கால் பங்கு செவ்வாய்க்கிழமை உலாக்களுக்கு. நாணய அறைக்கு அடுத்தது ஓலைச்சுவடி அறை. அங்கே பெஞ்சு இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு வைத்திருக்கிறேன், இரண்டு இருக்கின்றனவாம்.